பியூசேரியம்: பிறை வித்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கலாமா?

நண்பர்களே, பியூசேரியம் என்ற பூஞ்சையைச் சொன்னதும் பிறை வடிவ வித்துதான் நினைவுக்கு வரும். 1809-இல் லிங்க் நிறுவிய இந்தப் பேரினத்தில், 1935-இல் வோலன்வேபரும் ரைன்கிங்கும் 65 சிற்றினங்களை 16 பிரிவுகளாக அடுக்கினார்கள். 1940-களில் ஸ்னைடரும் ஹேன்சனும் அந்தச் சிற்றினங்களையே 9 ஆகச் சுருக்கினார்கள். பூஞ்சை மாறவில்லை, எதை வேறுபாடாகக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் வழக்கு.

நாம் கோட்டை விடுவது வளர்ப்புத் தட்டில். உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் ஊதா நிறம் கண்டவுடன் 'ஆக்சிஸ்போரம்' என்று சிற்றினப் பெயரை எழுதிவிடுகிறோம். ஊதா நிறம் வேறு சிற்றினங்களிலும் வரும். அந்த ஊடகத்தில் சத்து அதிகம்; இழை பஞ்சாகப் பொங்கும், வித்தின் வடிவம் கோணும். அதில் நிறத்தையும் வளர்வேகத்தையும் பாருங்கள், போதும்.

வித்தின் வடிவம் பார்க்க, சத்து குறைந்த பட்டினி ஊடகம் வேண்டும். ஒரு லிட்டர் நீருக்குப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 1 கிராம், மக்னீசியம் சல்பேட் (ஏழு நீர் மூலக்கூறு உள்ளது), பொட்டாசியம் குளோரைடு தலா 0.5 கிராம், குளுக்கோஸ், சுக்ரோஸ் தலா 0.2 கிராம், அகார் 20 கிராம். ஒற்றை வித்திலிருந்து எடுத்த வளர்ப்பையே இதில் இடவேண்டும்; கலப்பு வளர்ப்பில் இரண்டு பூஞ்சைகளின் குணம் ஒன்றாகத் தெரியும்.

இனி நுண்ணோக்கி. மூடியைத் திறந்து தட்டையே 10 மடங்கு பொருள்வில்லையில் முதலில் பாருங்கள். நீர்த்துளியில் எடுத்தால் சிறுவித்துச் (மைக்ரோகொனிடியா) சங்கிலி அறுந்துபோகும், பிறகு அங்கே சங்கிலி இருந்ததற்குச் சாட்சியே இல்லை. நீண்ட சங்கிலி இருந்து, தடித்த சுவருள்ள ஓய்வு வித்தான கிளாமிடோஸ்போர் இல்லையென்றால் வெர்ட்டிசில்லியாய்டிஸ் சிற்றினத்தின் பக்கம் போகலாம். சிறுவித்துகள் ஈரத்தலையாகத் திரண்டிருந்தால், அவற்றை உண்டாக்கித் தாங்கும் செல்லான ஃபியாலைடின் நீளத்தைப் பாருங்கள்: ஆக்சிஸ்போரத்தில் குட்டை, சொலானியில் நெடியது. கிளாமிடோஸ்போர் தோன்ற 3, 4 வாரம்கூட ஆகும். பத்தாம் நாளே 'இல்லை' என்று குறித்துவிடாதீர்கள்.

பிறை வடிவப் பெருவித்தில் (மேக்ரோகொனிடியா) நடுப்பகுதியைவிட இரு முனைகளே பேசும்: நுனிச்செல்லின் வளைவு, அடிச்செல்லின் பாத வடிவம், குறுக்குச்சுவர்களின் எண்ணிக்கை.

இத்தனையும் பார்த்தாலும் கிடைப்பது பெரும்பாலும் நெருங்கிய சிற்றினங்கள் அடங்கிய ஒரு சிற்றினத் தொகுதிதான். அதற்குள் பிரிக்க டெஃப்-1 மரபணு வரிசை வேண்டும், பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி இங்கே போதாது. வாழையைத் தாக்கும் 'கியூபென்ஸ்' போன்ற சிறப்பு வடிவப் பெயர்களோ உருவத்தால் வந்தவை அல்ல, தாக்கும் பயிரால் வந்தவை. நாற்றில் செலுத்தி வாடலைக் காணாமல், கண்ணாடித் தகட்டைப் பார்த்து அந்தப் பெயரை எழுத முடியாது.