மக்களே சாக்கடை கட்டிக்கொண்டால் அரசாங்கம் எதற்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. சேலத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். "நகரத்தில் ஏழைகள் வசிக்கும் பகுதிகளில்தான் நோய் அதிகம் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். சில ஊர்களில் அந்தப் பகுதி மக்களே சேர்ந்து அதைக் குறைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். வரியும் கட்டி, வேலையையும் நாங்களே செய்தால் அப்புறம் அரசாங்கம் எதற்கு?"

நியாயமான கோபம்தான். இதே கேள்வியை கராச்சியில் ஒரங்கி என்ற பகுதியின் மக்கள் 1980-களிலேயே கேட்டுவிட்டார்கள். அதனால் அந்தக் கதையை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஒரங்கி, அரசு அனுமதியில்லாமல் தானாக வளர்ந்த குடியிருப்பு. 1971 போருக்குப் பிறகு வங்கதேசத்தில் இருந்து வந்தவர்களும் அங்கே பெருமளவில் குடியேறினார்கள். வீடு இருந்தது, கழிவுநீர் போக வழியில்லை. பல வீடுகளில் வாளிக் கழிப்பறை. நிறைந்தால் சந்திலேயே கொட்டுவார்கள். உறிஞ்சுகுழி வெட்டியவர்களுக்கும் சில வருடங்களில் குழி நிறைந்து வெளியே வழியும். குழந்தைகள் விளையாடுவதும் அதே சந்தில்தான். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் வராமல் என்ன செய்யும்? எத்தனை மருத்துவமனை கட்டினாலும், சிகிச்சை முடிந்து பிள்ளை திரும்பி வருவது அந்தச் சந்துக்குத்தானே.

1980-ல் அக்தர் ஹமீத் கான் அங்கே வந்தார். ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். பதவியை உதறியவர், அப்போதே அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். வந்ததும் திட்டம் எதையும் அறிவிக்கவில்லை. சந்து சந்தாக நடந்து, ஜனங்களிடம் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் சொன்னது நம் சேலத்து நண்பர் சொல்வதேதான்: சாக்கடை போடுவது அரசாங்கத்தின் கடமை, இலவசமாகப் போட்டுத் தரட்டும். ஆனால் அரசாங்கம் வருகிற வழியாகத் தெரியவில்லை.

அவர் தொடங்கிய ஒரங்கி முன்னோடித் திட்டம் ஒரு சந்து என்பதையே அலகாக எடுத்துக்கொண்டது. இருபது முப்பது வீடுகள் சேர்ந்து தங்களுக்குள் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்து, எழுதிக் கேட்க வேண்டும். கேட்டால்தான் ஆள் அனுப்புவார்கள். வந்தவர்கள் மட்டம் பார்த்து, தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் கணக்கிட்டு, வரைபடமும் செலவுக் கணக்கும் போட்டுக் கொடுப்பார்கள். மேன்ஹோல் வார்க்க அச்சு, கருவிகள் எல்லாம் இரவல். காசை மட்டும் அவர்கள் கையால் தொடவே மாட்டார்கள். வசூலிப்பது, சிமென்ட் வாங்குவது, கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது எல்லாம் சந்துப் பொறுப்பாளர்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. பக்கத்து வீட்டுக்காரர் கையில் காசு இருக்கும்போது கணக்குக் கேட்பது சுலபம், இல்லையா?

கழிப்பறைக்கும் சந்துக் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்னத் தொட்டி வைத்தார்கள். கெட்டியான கழிவு அதில் தங்கிவிடும், குழாய் அடைக்காது. அதனால் சிறிய குழாயே போதும், ஆழமாகத் தோண்டவும் வேண்டாம். கான்ட்ராக்டர் லாபமும் கமிஷனும் இல்லை. கழிப்பறையும் சாக்கடையும் சேர்த்து அன்றைய கணக்கில் வீட்டுக்குச் சுமார் 1,000 பாகிஸ்தான் ரூபாயில் முடிந்தது. அரசு மதிப்பீட்டில் அது பல மடங்கு.

பலன்? 1982-ல் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுக்கு 130 ஆக இருந்த சிசு மரணம் 1991-ல் 37 ஆகக் குறைந்தது என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. முழுப் பெருமையையும் சாக்கடைக்கே கொடுக்க மாட்டேன். அதே காலத்தில் பெண்களுக்கான சுகாதாரப் பயிற்சியும் தடுப்பூசியும் குடும்பக் கட்டுப்பாடும் நடந்தன. அதற்கும் மையம் கட்டி உட்காரவில்லை. பர்தா வழக்கம் உள்ள இடம், பெண்கள் வெளியே வரத் தயங்குவார்கள். அதனால் பயிற்சிக் குழுவே சந்துக்குப் போய், அங்கிருக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிப் பேசியது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சந்துக் குழாயை மக்கள் போட்டுவிடலாம். அது போய்ச் சேரும் பெரிய ஓடையையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் எந்தச் சந்தும் வசூல் செய்து கட்ட முடியாது. ஒரங்கிக்காரர்கள் இதில் கறாராக இருந்தார்கள்: வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், பல சந்துகளை இணைக்கும் குழாய், இது எங்கள் பங்கு, பிரதான கால்வாயும் சுத்திகரிப்பும் அரசாங்கத்தின் பங்கு. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த கட்டடக் கலைஞரான பர்வீன் ரஹ்மான் உள்ளூர் இளைஞர்களை வைத்து ஓடைகளை எல்லாம் வரைபடமாக்கினார். அந்த வரைபடத்தை மேசையில் விரித்த பிறகு, அரசால் தட்டிக்கழிக்க முடியவில்லை. நிலமும் தண்ணீரும் யார் யார் கைக்குப் போகின்றன என்பதையும் அவர் ஆவணமாக்கி வந்தார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

வசதியானவர்கள் பகுதிக்கு அரசுப் பணத்தில் குழாய் போடுகிறார்கள், ஏழை மட்டும் தன் சட்டைப்பையில் இருந்து போட வேண்டியிருக்கிறது. அநியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரங்கி மக்கள் காத்திருந்த ஒவ்வொரு வருடமும் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

சேலத்து நண்பரே, உங்கள் தெருவில் தொடங்குவதாக இருந்தால், வசூலுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சாக்கடைத் தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்று நடந்தே போய்ப் பார்த்து, ஒரு தாளில் வரையுங்கள். எந்த இடத்தில் உங்கள் பங்கு முடிந்து மாநகராட்சியின் பங்கு தொடங்குகிறதோ, அங்கே கோடு போட்டு, அந்தத் தாளோடு கவுன்சிலரைப் பாருங்கள். சரி, அடுத்த கேள்வி கொசு மருந்து பற்றி வந்திருக்கிறது.