கழுதை தேடிப் போனவன்: சவுல் அரசனின் கதை

[திரையில்: ஜெருசலேமுக்கு வடக்கே ஒரு குன்று. உச்சியில் கட்டி முடிக்கப்படாத கான்கிரீட் கட்டடம்.]

இந்தக் குன்றின் பெயர் தெல் எல் ஃபுல். 1960களில் ஜோர்டான் மன்னர் ஹுசைன் இங்கே ஓர் அரண்மனை கட்டத் தொடங்கினார். 1967 போரோடு வேலை நின்றுபோனது. இஸ்ரவேலின் முதல் அரசன் சவுலின் ஊரான கிபியா இருந்ததும் இதே குன்றில்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர்.

சவுல் என்றதும் தன் வீரனும் பின்னாளில் அரசனுமான தாவீதின் மேல் ஈட்டி எறிந்த பொறாமைக்காரன்தான் நம் நினைவுக்கு வருகிறான். அதற்கு முந்தைய சவுலையும் நீங்கள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அவன் பெயர் பொறித்த கல்வெட்டு இதுவரை கிடைக்கவில்லை. நம் கையில் இருப்பவை பைபிளின் சாமுவேல் நூல்கள். குர்ஆனில் தாலூத் என்று வருபவரும் இவரே.

[வரைபடம்: மலைநாடும் கடற்கரைச் சமவெளியும்.]

கி.மு. 11ஆம் நூற்றாண்டு. மலைநாட்டில் அரசனே இல்லாத 12 கோத்திரங்கள். சமவெளியில் அவர்களுடைய எதிரிகளான பெலிஸ்தர். கலப்பைக் கொழுவைத் தீட்டுவதற்குக்கூட இஸ்ரவேலர் அவர்களிடம்தான் இறங்கிப் போக வேண்டும். சொந்தக் கொல்லன் கிடையாது. எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று மக்கள் முதிய தீர்க்கதரிசி சாமுவேலை நெருக்கினார்கள்.

அந்த நாட்களில் பென்யமீன் கோத்திரத்துக் கீஸ் என்பவரின் கழுதைகள் காணாமல் போயின. மகன் சவுல் வேலைக்காரனோடு தேடிப் புறப்பட்டான். மலை மலையாக அலைந்தும் கழுதைகள் அகப்படவில்லை. வழியில் சாமுவேலைக் கண்டான். அவர் தைலக் குப்பியை எடுத்து, அரசனாக்கும் அடையாளமாக அவன் தலையில் ஊற்றினார்.

மிஸ்பா என்ற ஊரில் அரசனைத் தேர்ந்தெடுக்க எல்லாருக்கும் முன்பாகச் சீட்டுப் போட்டு, அது சவுலின் பெயரில் விழுந்தபோது ஆளைக் காணவில்லை. மூட்டை முடிச்சுகளுக்கிடையே ஒளிந்திருந்தான். இழுத்துவந்து நிறுத்தினால், கூட்டத்தில் மற்றவர்கள் அவன் தோளுக்குத்தான் வந்தார்கள்.

[ஒலி: தொலைவில் அழுகை.]

யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே யாபேஸ் என்ற ஊரை அம்மோனியர் முற்றுகையிட்டார்கள். எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்கிய பிறகே சமாதானம் என்றான் அவர்கள் அரசன் நாகாஸ். வயலிலிருந்து மாடுகளின் பின்னே வந்துகொண்டிருந்த சவுல், ஊரார் அழுவதைக் கேட்டான். ஓரிணை மாட்டைத் துண்டித்து நாடெங்கும் அனுப்பினான்: போருக்கு வராதவனின் மாட்டுக்கும் இதுவே கதி. விடிவதற்குள் படையை மூன்றாகப் பிரித்துப் பாய்ந்து யாபேசை மீட்டான்.

அன்று, சவுலை முன்பு ஏளனம் செய்தவர்களைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் துடித்தது. “இன்று ஒருவனும் கொல்லப்படக் கூடாது” என்று தடுத்தவன் சவுல்தான்.

சரிவு கில்கால் என்ற இடத்தில் தொடங்கியது. ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலி செலுத்துகிறேன் என்று சாமுவேல் சொல்லியிருந்தார். பெலிஸ்தர் திரண்டு நிற்கிறார்கள். இவனுடைய வீரர்களோ குகைகளுக்குள் ஓடி ஒளிகிறார்கள். மிஞ்சியது ஏறக்குறைய 600 பேர். சாமுவேல் வரவில்லை. சவுல் தானே பலியிட்டான். முடித்த உடனே சாமுவேல் வந்து நின்றார். உன் அரசு நிலைக்காது என்றார்.

பிறகு அமலேக்கியர் என்ற எதிரி இனத்தை அடியோடு அழிக்கும்படி சாமுவேல் வழியாகக் கடவுளின் கட்டளை வந்தது. இன்று வாசித்தால் நெஞ்சு நடுங்கும் கட்டளை அது. சவுல் அவர்கள் அரசன் ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் விட்டுவைத்தான். சாமுவேல் கேட்டபோது வந்த பதில்: “ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்.”

என்னைக் கேட்டால், அவன் வீழ்ச்சி முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. எல்லாரும் விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். “சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்” என்று பெண்கள் பாடியபோது அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. தன்னிடமிருந்து தப்பியோடிய தாவீதுக்கு அப்பம் கொடுத்தார்கள் என்பதற்காக நோப் ஊரின் ஆசாரியர்களான குருக்கள் 85 பேரைக் கொல்லச் சொன்னான். அவனுடைய காவலர்களே கையை ஓங்க மறுத்தார்கள். ஏதோம் நாட்டவனான தோவேக்கு என்பவன்தான் அதைச் செய்தான்.

[இருள். ஒரே ஒரு விளக்கு.]

பெலிஸ்தரோடு போருக்கு முந்தைய கடைசி இரவு. குறி சொல்பவர்களை நாட்டைவிட்டே துரத்திய அதே சவுல், மாறுவேடத்தில் எந்தோர் என்ற ஊருக்குப் போய் ஒரு குறிகாரியின் கதவைத் தட்டினான். இறந்துபோன சாமுவேலை எழுப்பச் சொன்னான். “நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள்” என்று பதில் வந்தது. பகலும் இரவும் சாப்பிடாதிருந்தவன் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தான். அந்தப் பெண் அவனைத் துரத்தவில்லை. தன் வீட்டில் இருந்த கொழுத்த கன்றை அடித்து, மாவு பிசைந்து, அப்பம் சுட்டு அவன் முன் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு அந்த இரவிலேயே நடந்து போனான்.

மறுநாள் கில்போவா மலையில் யோனத்தான் உட்பட அவன் மகன்களில் மூன்று பேர் மடிந்தார்கள். அம்பு பட்ட சவுல் தன் பட்டயத்தின் மேலேயே விழுந்தான். பெலிஸ்தர் உடலைப் பெத்சான் நகரின் மதிலில் தொங்கவிட்டார்கள்.

செய்தி யாபேசுக்கு எட்டியது. அந்த ஊர் வீரர்கள் இரவு முழுவதும் நடந்து வந்து, மதிலிலிருந்து அவனையும் அவன் மகன்களையும் இறக்கிக் கொண்டுபோனார்கள். தகனம் செய்து, எலும்புகளை ஒரு மரத்தடியில் புதைத்து, ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு தாவீது அந்த எலும்புகளை எடுத்துவந்து, பென்யமீன் நாட்டுச் சேலாவில், கீஸின் கல்லறையிலே வைத்தான்.