சோதனையில் தெளிவாக இருந்த குரல் அஞ்செட்டியில் உடைவது ஏன்?

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: “இணைய வகுப்புக்காகக் குரல் அழைப்புச் செயலி ஒன்றைச் செய்துவருகிறேன். லினக்ஸில் இணைப்பை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க உதவும் நெட்எம் கருவியைக் கொண்டு 100 மில்லிநொடி தாமதமும் 2 சதவீத இழப்பும் வைத்துச் சோதித்தபோது குரல் தெளிவாக இருந்தது. அஞ்செட்டிப் பக்கம் மொபைலில் அதே செயலி உடைந்து கேட்கிறது. அங்கே அளந்தாலும் இழப்பு 2 சதவீதம்தான். எங்கே தவறு?”

அளவில் தவறில்லை, அந்த 2 சதவீதம் எப்படிச் சிதறியிருக்கிறது என்பதைத்தான் நீங்கள் நெட்எம்முக்குச் சொல்லவில்லை. குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக், வழக்கமாக ஒரு பாக்கெட்டில், அதாவது இணையத்தில் போகும் ஒரு தரவுப் பொட்டலத்தில், 20 மில்லிநொடிக் குரலை அடைக்கிறது. நொடிக்கு 50 பாக்கெட்டுகள். வெறுமனே ‘லாஸ் 2%’ என்று எழுதினால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனியாகச் சீட்டுக் குலுக்கப்படுவதால், சராசரியாக நொடிக்கு ஒன்று தொலையும். அந்தச் சிறு ஓட்டையை, முன்பு வந்த ஒலியை நீட்டியே ஓபஸ் பூசி மெழுகிவிடும். காட்டுச் சரிவில் சிக்னல் மறையும்போதோ, பத்து நொடிக்கு ஒருமுறை 10 பாக்கெட்டுகள் சேர்ந்தாற்போல் போகும். 500க்கு 10, அதுவும் 2 சதவீதமே. ஆனால் 200 மில்லிநொடி போனால் ‘போகாதே’ என்பது ‘போ...தே’ என்றுதான் காதில் விழும். தொலைந்த பாக்கெட்டின் சுருக்கப் பிரதியை அடுத்த பாக்கெட்டில் வைக்கும் முன்திருத்த வசதியும், அடுத்ததும் சேர்ந்தே தொலையும்போது உதவாது.

இதற்காகவே நெட்எம்மில் கில்பர்ட்-எலியட் மாதிரி இருக்கிறது. ‘லாஸ் ஜிஇமாடல் 0.2% 10%’ என்று கொடுத்துப் பாருங்கள். முதல் எண், பாக்கெட்டுகள் போய்ச்சேரும் நல்ல நிலையிலிருந்து எல்லாம் தொலையும் கெட்ட நிலைக்கு விழும் வாய்ப்பு, இரண்டாவது அதிலிருந்து மீளும் வாய்ப்பு. மீளும் வாய்ப்பு 10 சதவீதம் என்றால் ஒருமுறை விழுந்தால் சராசரியாக 10 பாக்கெட்டுகள் போகும், 0.2ஐ 10.2ஆல் வகுத்தால் மொத்த இழப்பு ஏறக்குறைய அதே 2 சதவீதம். உங்கள் அஞ்செட்டி இதற்குள் கேட்கும் என்றே நினைக்கிறேன்.

ஜிட்டரிலும், அதாவது பாக்கெட்டுகளின் தாமதம் ஏறி இறங்குவதிலும், ஒரு பொறி உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து சீரான இடைவெளியில் கிளம்பும் லாரிகள் தொப்பூர் கணவாயில் தேங்கிப் பிறகு கூட்டமாக வெளியேறுவதைப் போல, மொபைல் இணைப்பில் பாக்கெட்டுகள் தேங்கினாலும் பெரும்பாலும் வரிசை குலையாது. நெட்எம்மில் 40 மில்லிநொடி ஜிட்டர் வைத்தாலோ, ஒவ்வொன்றின் தாமதமும் தனித்தனியே மாறுவதால் பின்னால் கிளம்பியது முன்னால் வந்துவிடும். அந்தக் குழப்பத்தைப் பார்த்து, வரும் பாக்கெட்டுகளைச் சற்று நிறுத்திவைத்துச் சீராக்கும் ஜிட்டர் பஃபரைப் பெரிதாக்கிவிடாதீர்கள், தாமதம் கூடிவிடும். ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ) ஜி.114 பரிந்துரை சொல்கிறது, அதில் 100ஐ நீங்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள்.

இன்னொன்று, நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டுமே தொடும். உள்ளே வருவதையும் கெடுத்துப் பார்க்க ஐஎஃப்பி என்ற போலி இடைமுகத்தின் வழியாக அவற்றைத் திருப்பிவிட வேண்டும்.