முழுங்கினாலும் சாகாத கிருமி

(காட்சி: கடலூர் முதுநகர், மீன்பிடி துறைமுகம். விடியற்காலை.)

ஐஸ் பெட்டி தூக்குற அண்ணன் ஒருத்தருக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் நிக்கலன்னு வெச்சுக்குவோம். சளி டெஸ்டுக்குக் குடுக்குறாரு.

(காட்சி: மைக்ராஸ்கோப்புக்குள்ள ஸ்லைடு.)

நீலத்துக்கு நடுவுல மெல்லிசா சிவப்புக் குச்சி தெரியுது பாருங்க. அதான் காசநோய்க் கிருமி. சூடு காட்டி ஏத்துன சிவப்புச் சாயம், ஆசிட் ஊத்திக் கழுவியும் போகல. காரணம் அதோட மேல்தோல்ல இருக்கிற மெழுகு.

நுரையீரல் காத்துப்பைக்குள்ள இந்தக் கிருமி வந்ததும் அதை முழுங்குறது மேக்ரோபேஜ். கிருமியை ஒரு பைக்குள்ள அடைச்சு, அந்தப் பையோட லைசோசோமை, அதாவது செரிக்கிற அமிலச் சாறு இருக்கிற இன்னொரு பையைச் சேர்த்து, செரிச்சுத் தீர்க்கிற செல். 1882ல மெட்ச்னிகோவ்ங்கிற விஞ்ஞானி நட்சத்திர மீன் குஞ்சுக்குள்ள முள்ளைக் குத்தி வெச்சு, முள்ளைச் சுத்தி இந்த மாதிரி முழுங்குற செல்கள் மொய்க்கிறதைப் பார்த்தாரு. அதே வருஷம் மார்ச் 24ல காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்சதை ராபர்ட் காக் அறிவிச்சாரு. வேட்டைக்காரனும் வேட்டையும் ஒரே வருஷத்துல!

ஆனா இந்த வேட்டை வேற மாதிரி. கிருமி முழுங்கப்படுறதுக்கே காத்திருக்கு. உள்ள போனதும் ரெண்டு பையும் ஒண்ணு சேராம தடுத்துடுது. அமிலம் ஏறல. கொல்ல வந்த செல்லே குடியிருக்க வீடாயிடுது. 20 மணி நேரத்துக்கு ஒரு தடவைங்கிற கணக்குல நிதானமா பெருகுது.

சில வாரம் கழிச்சுத்தான் டி செல்கள்ங்கிற நோய் எதிர்ப்பு செல்கள் வந்து சேருது. அதுங்க சுரக்கிற இன்டர்ஃபெரான் காமாங்கிற புரதம் பட்டதும் மேக்ரோபேஜுக்கு வேகம் வருது, பைகள் சேருது, நிறைய கிருமி சாகுது. மிச்சத்தை மெல்லவும் முடியல, துப்பவும் முடியல. தொண்டையில சிக்குன மீன் முள்ளுதான். அதனால மேக்ரோபேஜுங்க நெருக்கி ஒட்டி, சிலது ஒண்ணோட ஒண்ணு கலந்து பெருஞ்செல்லாகி, சுத்தி ஒரு கோட்டை கட்டுது. அதுக்குப் பேரு கிரானுலோமா. இந்தக் கோட்டை நிலைக்க டிஎன்எஃப்ங்கிற புரதம் வேணும். மூட்டுவாதத்துக்கு அதைத் தடுக்கிற ஊசி போடுறதுக்கு முன்னாடி டாக்டருங்க டிபி டெஸ்ட் எடுக்கச் சொல்றது இதனாலதான்.

பெரும்பாலானவங்களுக்கு ஆயுசு முழுக்க கோட்டை தாங்குது. சிலருக்கு நடுவுல திரிஞ்ச பால் மாதிரி குழைஞ்சு, மூச்சுக்குழாய்க்குள்ள உடையுது. இருமும்போது வெளிய வர்றது அதுதான். ஒரே வீட்ல ஒருத்தருக்கு நோய் வருது, இன்னொருத்தருக்கு ஏன் வரல? இதைத் தெரிஞ்சுக்க ஜிப்மர் ஆய்வுக் குழு புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்து நோயாளிகளையும் அவங்க வீட்டு ஆளுங்களையும் தொடர்ந்து பார்த்து வந்திருக்கு.

(காட்சி: மாத்திரை அட்டை.)

ரெண்டாம் மாசமே அண்ணனுக்கு இருமல் நின்னுடலாம், உடம்பு தேறிடலாம். ஆனா வேகமா பெருகுற கிருமிதான் முதல்ல சாகும். செல்லுக்குள்ளயும் கோட்டைக்குள்ளயும் அசையாம கிடக்கிறது கடைசியாத்தான் சாகும். மீதி நாலு மாச மாத்திரை அதுக்குத்தான்ணே.