எந்த ஊர்க் கோர்ட்டில் நிற்கப் போகிறாய்?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷமாகக் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு திரிகிறவன் நான். இப்போதெல்லாம் கட்சிக்காரர்களோடு பெற்றோர்களும் என்னைத் தேடி வருகிறார்கள். "சார், பிள்ளையை லா படிக்க வெளிநாடு அனுப்பலாம்னு இருக்கோம், எந்த நாடு நல்லது?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: படித்து முடித்து எந்த ஊர்க் கோர்ட்டில் நிற்கப் போகிறான்?

டாக்டர் படிப்பு மாதிரி இதையும் நினைத்துக்கொள்கிறார்கள். கல்லீரல் லண்டனிலும் வலது பக்கம்தான், லால்குடியிலும் வலது பக்கம்தான். சட்டம் அப்படியா? லண்டனில் ரயில் ஏறி எடின்பரோவில் இறங்கினாலே வேறு சட்டம். ராஜா ஒருவர்தான், ஆனாலும் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமுறை.

காந்தி கதை தெரியுமல்லவா? இதை நான் சொல்லாத மேடை இல்லை, இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து லண்டனில் பாரிஸ்டர், அதாவது கோர்ட்டில் வாதாடுகிற வக்கீல் ஆகப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது, விருந்து சாப்பிடவும் வேண்டியிருந்தது. நிஜமாகத்தான். பன்னிரண்டு டெர்ம், ஒவ்வொரு டெர்முக்கும் குறைந்தது ஆறு விருந்து. நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்கள். காந்தி தொடமாட்டார், அதனால் அவரைத் தங்கள் மேஜையில் சேர்த்துக்கொள்ள ஏகப் போட்டி, மிச்ச மூன்று பேருக்கு இரண்டு பாட்டில் ஆயிற்றே! சரி, 1891 ஜூன் 10-ஆம் தேதி பாரிஸ்டர் ஆனார், 12-ஆம் தேதி கப்பல் ஏறிவிட்டார். இங்கே வந்து பார்த்தால் இந்துச் சட்டம் தெரியாது, முகமதியச் சட்டம் தெரியாது, ஒரு பிராது எழுதக்கூட வராது. அவரே எழுதி வைத்திருக்கிறார். பம்பாயில் முப்பது ரூபாய்க்கு முதல் கேஸ், குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை, உட்கார்ந்துவிட்டார். காந்திக்கே அந்த கதி.

போன வருஷம் ஒரு அப்பா வந்தார். பிளஸ் டூ முடித்த கையோடு மகளை மூன்று வருஷ எல்.எல்.பி.க்கு இங்கிலாந்து அனுப்பிவிட்டார், வீட்டின் மேல் கடன் வாங்கி. "வந்ததும் நேரா ஹைகோர்ட்தான்" என்று ஏஜென்ட் சொன்னாராம். இங்கே வக்கீல்களுக்கு விதி வகுக்கிற பார் கவுன்சிலின் கணக்கு வேறு. பிளஸ் டூவுக்கு மேல் ஐந்து வருஷம், இல்லை டிகிரிக்கு மேல் மூன்று வருஷம். அந்தப் பெண் இரண்டிலும் அடங்கவில்லை. அதுபோக, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்திருக்க வேண்டும், இங்கத்திய அரசியலமைப்பு, உரிமையியல் நடைமுறை என்று தனியாகத் தகுதித் தேர்வு எழுத வேண்டும், அப்புறம் எல்லோரும் எழுதுகிற அகில இந்திய பார் தேர்வு. அவரிடம் இதையெல்லாம் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது, பாவம், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

சரி, அங்கேயே தங்கிவிடலாமே என்றால், அங்கேயும் பட்டம் பாதி வழிதான். இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்கிற வகை வக்கீல் ஆக, 2021-இல் வந்த எஸ்.க்யூ.இ. தேர்வு இரண்டு கட்டம், கூடவே இரண்டு வருஷ வேலை அனுபவம். அமெரிக்காவில் வக்கீலுக்கான ஜே.டி. என்கிற சட்டப் பட்டமே டிகிரிக்கு மேல் மூன்று வருஷம், நம் பிளஸ் டூ பிள்ளைக்கு அங்கே நேர்வழி கிடையாது. இங்கே லா முடித்துவிட்டு ஒரு வருஷ எல்.எல்.எம். என்கிற மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு நியூயார்க், கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் நிபந்தனையோடு பார் தேர்வு எழுத விடுகின்றன. எல்லா மாநிலமும் விடாது. அதனால் அமெரிக்கா என்று சொல்லாதீர்கள், எந்த மாநிலம் என்று சொல்லுங்கள். திரும்பவும் அதே கேள்விதான், எந்த ஊர்க் கோர்ட்?

ஜெர்மனியைப் பற்றி நிறையச் சொல்லலாம் என்று குறிப்பெல்லாம் எடுத்து வந்தேன், நேரமாகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: அங்கே வக்கீலாக வேண்டுமென்றால் ஜெர்மன் மொழியில் இரண்டு அரசுத் தேர்வு. சர்வதேசச் சட்டம்தான் ஆசை என்றால் நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழகம், பக்கத்திலேயே ஹேக் நகரம், சர்வதேச நீதிமன்றம் இருக்கிற ஊர். கனடாவில் என்.சி.ஏ. என்று ஒரு குழு உங்கள் பட்டத்தைப் பார்த்து எத்தனை தேர்வு எழுத வேண்டும் என்று சொல்லும், கியூபெக் மாகாணம் மட்டும் தனி. ஆஸ்திரேலியா... அதற்கு நேரம் இல்லை. வணக்கம்.