கட்டிப் பழகிய கை

தலைவர் அவர்களே, பொன்னாடையை இரண்டு தடவை போர்த்திவிட்ட பொருளாளர் அவர்களே, அரங்கம் தந்த கல்லூரித் தாளாளர் அவர்களே, கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருக்கும் என்.சி.சி. பிள்ளைகளே, வணக்கம். தம்பிகள் உட்காரட்டும், அப்புறம் பேசுகிறேன்.

போர்க்களத்தில் அடிபட்டவரைக் காப்பாற்ற ராணுவ மருத்துவக் குழு எப்படிப் பழகுகிறது? மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: ரத்தத்தை நிறுத்துவது, மூச்சுவழியைத் திறப்பது, ஆளைத் தூக்கிவருவது. முதலில் ரத்தம். தொடையில் பெரிய நாளம் அறுந்தால் சில நிமிடம்தான், டாக்டர் வரும்வரை தாங்காது. அதனால் பக்கத்திலிருக்கும் சிப்பாயே டூர்னிகே பட்டையைக் காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டில் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகி, கட்டிய நேரத்தையும் எழுத வேண்டும். எங்களுக்கு விளக்கை அணைத்துவிட்டுத்தான் பயிற்சி. கையில் சமையல் எண்ணெயைத் தடவிவிட்டு "இப்போ கட்டு" என்பார் உஸ்தாத், அதாவது எங்கள் பயிற்சியாளர். முதல் நாள் என் பட்டை வழுக்கி முழங்காலுக்கு வந்துவிட்டது. "ஆள் செத்துட்டான், அடுத்தவன் வா" என்றார். சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்!

கொரியாக் கதையைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. 1950இல் கொரியப் போருக்கு இந்தியா அனுப்பிய ராணுவ மருத்துவக் குழுவான 60-வது பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸுக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' நம்ம ஆர்க்காடு! (கைதட்டல்) சீனப்படை இறங்கி வருகிறது, வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கைக் காலி பண்ண வேண்டும், வண்டி இல்லை. கருவிகளை விட்டுவர மனசு வருமா? கேட்பாரற்று ஒரு ரயில் என்ஜின் நிற்கிறது. அதை ஓட்டத் தெரிந்த சிப்பாய்கள் குழுவிலேயே இருந்தார்கள். பாய்லருக்குத் தண்ணீர்? வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றினார்கள், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி போகிற மாதிரி! அதுவும் கொரியக் குளிரில்! ரயில் ஆற்றைத் தாண்டிய பிறகு பாலம் தகர்க்கப்பட்டது. 1951 மார்ச்சில் அதே குழுவிலிருந்து 12 பேர் தென்கொரியாவின் முன்சானில் பாராசூட்டில் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

ரயிலை ஓட்டியவர் டாக்டர் இல்லை, பாருங்கள். சித்திரமும் கைப்பழக்கம், என்ஜினும் கைப்பழக்கம். அதனால்தான் மூன்று வருடமாக ஒரே மனுவோடு அலைகிறேன்: பேருந்துக்கு ஒரு டூர்னிகே, கண்டக்டருக்கு அரை நாள் பயிற்சி. பைபாஸில் கால் நசுங்கியவனுக்கும் அதே சில நிமிடம்தான். உதவினால் கேஸ் வருமோ என்ற பயமும் வேண்டாம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

மூச்சுவழியும் தூக்கிவருவதும் இன்னொரு நாள், தாளாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசல் மேசையில் மனுவும் பத்துப் பட்டையும் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு தடவை கட்டிப் பாருங்கள். எண்ணெய்க் கிண்ணமும் வைத்திருக்கிறேன்.