கியர் கேபிள் மாத்துங்க, கட்டை விரல் பிழைச்சுக்கும்

வணக்கம் மக்களே! இதைப் பாருங்க. கேமரா கிட்ட கொண்டு வர்றேன். சைக்கிளோட பழைய கியர் கேபிள். இந்த வளைவுல துரு தெரியுதா? இப்பதான் கழட்டினேன். புதுசு போட்டதும் லீவர் எப்படி விழுது பாருங்க, டக். டக். சத்தமே இனிக்குது!

கை வலின்னு யார் கேட்டாலும் உடனே ஜெல் க்ளவுஸ்! எனக்கும் ஜெல்லுக்கும் ஆகாதுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். தடிமனான ஜெல் உள்ளங்கையில ஒரே இடத்துல குவிஞ்சு நரம்பை இன்னும் அமுக்கலாம். அதைவிட, எங்க வலிக்குதுன்னு முதல்ல பாருங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனா, உள்ளங்கை அடியில அல்நார் நரம்பு நசுங்குது. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல்ல ஊசி குத்தினா மீடியன் நரம்பு. கட்டை விரலோட அடி மூட்டே வலிச்சா அது மூட்டுத் தேய்மானமா இருக்கலாம். மணிக்கட்டுல கட்டை விரல் பக்க ஓரம்னா தசைநார் உறை வீக்கமா இருக்கலாம். இது ரெண்டுக்கும் ஜெல் ஒண்ணும் பண்ணாது. டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

கட்டை விரல் நுனியில ஒரு கிலோ அழுத்தத்துல கிள்ளினா, அடி மூட்டுல கிட்டத்தட்ட 12 கிலோ விழுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. அப்ப துருப்பிடிச்ச கேபிளை ஒரு ரைடுல எத்தனை தடவை தள்றீங்க?

சரி, கேபிளுக்கு வருவோம். இன்னர், அதாவது உள்ள ஓடற கம்பி, 1.2 மில்லி ஸ்டெயின்லெஸ். அவுட்டர், அதை மூடற உறை, 4 மில்லி. அவுட்டரை கட்டிங் ப்ளையர்ல வெட்டாதீங்க, வாய் நசுங்கிடும். கேபிள் கட்டர்தான். வெட்டின முகத்தை அரத்தால சமமா தேய்ச்சு, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் குழாயை ஊசியால திறந்து விடுங்க. பாதிப் பேர் இதைச் செய்யறதில்ல, அப்புறம் புதுக் கேபிளும் இறுக்கமா இருக்குன்னு புலம்பல். செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தள்ற பின் டிரெய்லியர்கிட்ட வர்ற கடைசி வளைவுலதான் சேறு தங்கும். காசு மிச்சம் பிடிக்கணும்னா அந்தத் துண்டை மட்டுமாவது மாத்துங்க. கெட்டி கிரீஸ் வேண்டவே வேண்டாம், அழுக்கைப் பிடிச்சு வெச்சுக்கும்.

ஐயோ, முக்கியமானதை விட்டுட்டேன். கழட்டறதுக்கு முன்னாடி கியரை மிகச் சின்ன பல்சக்கரத்துக்குக் கொண்டு வாங்க. இல்லன்னா ஷிஃப்டர்ல, அதாவது ஹேண்டில்ல இருக்கிற கியர் லீவர் பெட்டியில, கேபிள் தலை வெளியவே வராது. அப்புறம் டிரெய்லியர்ல செயின் ஆட்டத்தை அடக்கற க்ளட்ச் சுவிட்ச் இருந்தா, சாதா ரோட்டுல ஆஃப். அது ஆன்ல இருந்தாலே லீவர் கனமாகும்.

ஷிமானோ கம்பெனியோட ட்ரிகர் ஷிஃப்டர், அதாவது லீவர் வெச்ச ஷிஃப்டர், நிறைய மாடல்ல, சின்ன கியருக்கு இறக்கற லீவரை ஆள்காட்டி விரலாலயும் இழுக்கலாம். அப்படின்னா பாதி வேலை கட்டை விரலுக்கு இல்லவே இல்ல. கைப்பிடியையே திருக்கி கியர் மாத்தற கிரிப் ஷிஃப்ட் பக்கம் நான் போகமாட்டேன். இறுக்கிப் பிடிச்சு மணிக்கட்டைத் திருக்கணும், வலிக்கிற மூட்டுக்கு அது நல்லதில்ல.

ஷிஃப்டரோட கிளாம்ப் போல்ட்டை லூசாக்கி, லீவரை விரல் நீட்டாம எட்டற இடத்துக்கு நகர்த்துங்க. 5 மில்லி நகர்த்தினாலே தெரியும். பிரேக் லீவர் மேல விரல் வெச்சா, முழங்கையில இருந்து விரல் வரைக்கும் கை ஒரே நேர்கோட்டுல இருக்கணும். மணிக்கட்டு மேல் நோக்கி மடங்கினா தப்பு. எட்டலன்னா லீவரைக் கைக்குக் கிட்ட கொண்டு வர்ற ரீச் ஸ்க்ரூ இருக்கு, பெரும்பாலும் 2 அல்லது 2.5 மில்லி ஆலன் கீ.

உள்ளங்கையைத் தாங்கற மாதிரி அகலமா இறக்கை வெச்ச கிரிப் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா கோணம் தப்புன்னா வெத்து. இறக்கை மேல் நோக்கி இருந்தா மணிக்கட்டு மடங்கும், கீழ இருந்தா கை சறுக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சூண்டு திருப்பி, 10 நிமிஷம் ஓட்டிப் பாருங்க.

சீட்? மூக்கு கீழ சாஞ்சிருந்தா உடம்பு முன்னாடி வழுக்கி எடை முழுக்க கையில விழும். சமமா வைங்க. டயர் காத்தும் கல்லு மாதிரி வேண்டாம், பக்கவாட்டுல போட்டிருக்கிற வரம்புக்குள்ள குறைச்சுப் பாருங்க, அதிர்வு குறையும்.

இருங்க இருங்க, கேபிள் முனைக்குத் தொப்பியே போடல. அதுக்குள்ள இழை பிரிய ஆரம்பிச்சிடுச்சு பாருங்க. அந்த ப்ளையர் எங்க போச்சு...